வானோடிகளுக்கு வரும் அறிவிப்புகள்

வானில் விமானத்தின் ஓசை கேட்டதும் விளையாட்டு மைதானத்தில் நிற்கும் நாம் அனைவரும் அண்ணாந்து பார்க்கிறோம். இவ்வளவு உயரத்தில் விமானிக்கு வழி எப்படித் தெரிகிறது என்று வியப்பவர் பலர். ஆனால் அவர் போய் இறங்கவிருக்கும் விமான நிலையம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவர் எப்படி அறிகிறார் என்று கேட்பவர் சிலரே. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

விமான நிலையம் நாள்தோறும் மாறும் இடமாகும். இன்று ஓர் ஓடுபாதையைப் பழுது பார்க்க மூடியிருப்பார்கள். நாளை பக்கத்தில் கட்டடம் எழுப்ப உயரமான கிரேன் ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். ஒரு விளக்கு வரிசை எரியாமல் போகலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் சென்னை விமான நிலையமே சில நாட்கள் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானங்கள் இயங்கியதைப் பெற்றோர் நினைவு வைத்திருப்பார்கள். இவற்றை அறியாமல் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் இருளில் தரையிறங்குவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கான ஏற்பாடு 1944-இல் சிகாகோ நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு நாடும் தன் விமான நிலையங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, மற்ற நாடுகளுக்கும் விமானிகளுக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளது. நம் நாட்டில் இப்பணியை இந்திய விமான நிலைய ஆணையம் செய்கிறது. ஓடுபாதையின் நீளம், திசை போன்ற நிலையான விவரங்கள் ஒரு பெரிய தொகுப்பு நூலில் இருக்கும். ஓடுபாதையின் பெயரே திசையைத்தான் குறிக்கிறது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று எண். காந்த வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 பாகை, 250 பாகை என்பதன் சுருக்கமே அது. இந்த நூலில் முக்கியமான மாற்றம் ஏதும் செய்ய வேண்டுமானால், 28 நாட்களுக்கு ஒருமுறை வரும் குறிப்பிட்ட வியாழக்கிழமைகளில்தான் அது நடைமுறைக்கு வரும். உலகம் முழுவதற்கும் அதே நாள்தான்! அதனால் எந்த நாட்டு விமானியும் பழைய வரைபடத்தோடு புறப்பட மாட்டார்.

ஆனால் நேற்றிரவு அணைந்த விளக்கு 28 நாள் காத்திருக்குமா? அதற்காகவே ‘நோட்டாம்’ என்னும் அவசர அறிவிப்பு இருக்கிறது. ‘வானோடிகளுக்கு அறிவிப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. அந்தத் தொடரில் ஆண்களைக் குறிக்கும் சொல் இருக்கிறதே என்று அமெரிக்கர்கள் 2021 டிசம்பரில் பெயரை மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிட இந்தியாவில் மிக அதிகம் என்பதை நம் தோழியர் இங்கே கவனிக்க வேண்டும். பெயர் எதுவானாலும் படிக்கப் போவது நாமும்தான்.

நோட்டாம் படிப்பதற்கு இனிமையானதல்ல. தந்தியும் டெலிபிரிண்டரும் இருந்த காலத்து நடை அது. எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் சுருக்கம். ‘கியூ.எம்.ஆர்.எல்.சி.’ என்று ஒரு குறி வரும். அதில் எம்.ஆர். என்றால் ஓடுபாதை, எல்.சி. என்றால் மூடப்பட்டது. நேரமோ எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரம். நமக்குக் காலை 5.30 என்றால் அதில் 0000. இதைத் தவிர, பெரிய நிலையங்களில் காற்று, மேகம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை ஆகியவற்றைப் பதிவு செய்த குரல் ஒன்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். தகவல் மாறும்போதெல்லாம் அதன் அடையாள எழுத்தும் ஆல்பா, பிராவோ என்று மாறும். விமானி அந்த எழுத்தைச் சொன்னால் போதும், அவரிடம் இருப்பது புதியதா பழையதா என்பது கோபுரத்தில் இருப்பவருக்கு விளங்கிவிடும்.

இவ்வளவு இருந்தும் 2017 ஜூலை 7-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு உடல் நடுங்கியது. அங்கே அருகருகே இரண்டு ஓடுபாதைகள். இடப்பக்கத்தது அன்றிரவு மூடப்பட்டு, அதன் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. டொராண்டோவிலிருந்து 140 பேருடன் வந்த ஏர் கனடா விமானத்தின் விமானிகள், வழக்கம்போல் இரண்டு பாதைகள் ஒளிரும் என்று எதிர்பார்த்தார்கள். ஒளிர்ந்தவையும் இரண்டுதான்! ஆனால் அவற்றில் வலப்பக்கத்தது ஓடுபாதையன்று. விமானங்கள் ஊர்ந்து செல்லும் இணைபாதை. அதன்மேல் நான்கு விமானங்கள் பயணிகளோடு புறப்படக் காத்து நின்றன. அந்தப் பாதையை நோக்கியே இறங்கி, தரையிலிருந்து சுமார் 60 அடி உயரத்துக்கு வந்த பிறகுதான் விமானம் மீண்டும் மேலெழும்பியது. இறைவன் காத்தார் என்றே சொல்வேன்.

ஓடுபாதை மூடப்பட்டிருப்பதை யாரும் மறைக்கவில்லை. புறப்படும் முன் விமானிகளுக்குக் கொடுத்த 27 பக்கக் கட்டில் எட்டாம் பக்கத்தில் அது அச்சாகியிருந்தது. களைப்பு முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அறிவிப்புகளைக் கொடுத்த முறை சரியில்லை என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் குறிப்பிட்டது. யாரும் கவனிக்காத குப்பைக் குவியல் என்றே அவ்வாரியத்தின் தலைவர் ராபர்ட் சம்வால்ட் நோட்டாம்களைச் சாடினார்.

குவியல் ஏன் உண்டாகிறது? சொல்லாமல் விட்டால் பழி வரும். சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற எண்ணமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. புல் வெட்டுவதும் ஓர் அறிவிப்பு, ஓடுபாதை மூடியதும் ஓர் அறிவிப்பு, இரண்டும் ஒரே எழுத்தில். பழைய சுற்றறிக்கைகளை எடுக்காமல் புதியவற்றை மேலே மேலே குத்தி வைத்த பலகையை நாம் எல்லோரும் எங்கேனும் பார்த்திருப்போம். அதற்காகப் பலகையையே தூக்கிவிட முடியாது. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் நோட்டாம் கணினியின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டு அது முடங்கியபோது, அந்நாட்டின் விமானங்கள் புறப்படாமல் நிறுத்தப்பட்டன. அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

சீர்திருத்தமும் நடந்து வருகிறது. காலாவதியான அறிவிப்புகளைக் களையும்படி பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுவனம் 2021-இல் நாடுகளை வற்புறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் ஓடுபாதையின் ஈரத்தையும் பனியையும் 0 முதல் 6 வரை மதிப்பெண்ணாகச் சொல்லும் முறை வந்தது. நம் தேர்வைப் போலவே இதிலும் அதிகம் பெறுவதே நல்லது: உலர்ந்த பாதைக்கு 6, சாதாரண மழையீரத்துக்கு 5. பாதையின் ஒவ்வொரு மூன்றிலொரு பகுதிக்கும் தனித்தனி மதிப்பெண். இறங்கிய விமானி, ‘சொன்னதைவிட வழுக்குகிறது’ என்று உணர்ந்தால் உடனே கோபுரத்துக்குச் சொல்கிறார். ஊழியர்கள் பாதையை மீண்டும் சோதிக்கிறார்கள். புதிய எண், பின்னால் வரும் விமானத்துக்குப் போய்ச் சேர்கிறது.