உடல் கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது?



"தட்டம்மை ஒருமுறை வந்து போனால் மறுமுறை வராதே! பிறகு பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று கேட்கும் பாட்டிமார் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்வதில் முதற்பாதி உண்மைதான்.

வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. 1846-ஆம் ஆண்டில் அங்கே தட்டம்மை பரவியது. ஏறக்குறைய 7,800 மக்களில் சுமார் 6,000 பேர் நோயுற்றனர். அங்குச் சென்ற பீட்டர் பானும் என்ற டென்மார்க் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்கும் அது மீண்டும் வரவில்லை. 65 ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய உடல் அக்கிருமியை மறக்கவில்லை!

இது எப்படி முடிந்தது? நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் என்னும் காவலர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கண் இல்லை. தொட்டுப் பார்த்தே ஆளை அறிகிறார்கள். ஒவ்வொரு கிருமியின் மேலும் அதற்கே உரிய வடிவங்கள் உண்டு. இப்படி அடையாளம் காட்டும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர்.

லயத்தில் எத்தனை வீடுகளோ அத்தனை பூட்டுகள் இருக்கும். ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுக்குச் சேராது. ஆன்டிஜெனைப் பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காவலரிடமும் ஒரே வகைச் சாவிதான் இருக்கும். கிருமி வந்த பிறகு நம் உடல் சாவி செய்ய உட்காருவதில்லை. கோடிக்கணக்கான விதவிதமான சாவிகளை முன்பே செய்து வைத்துவிடுகிறது. நம் சொந்த உடலுக்கே பொருந்தும் சாவிகளில் பெரும்பாலானவற்றை ஆரம்பத்திலேயே கழித்தும் விடுகிறது.

கிருமி நுழைந்ததும், பொருந்தும் சாவியை உடைய சில காவலர்கள் மட்டும் பல்கிப் பெருகுகிறார்கள். அவர்கள் உண்டாக்கும் எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்குகிறது. முதல்முறை இதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். அதற்குள் நோய் முற்றிவிடலாம். போர் முடிந்தபின் சில காவலர்கள் நினைவணுக்களாகத் தங்கிவிடுகிறார்கள். மறுமுறை அதே கிருமி வந்தால், நோய் தலைதூக்கும் முன்பே அதை அடக்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் நோய் தானாகவே வரட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. தட்டம்மை நிமோனியாவையும் மூளை வீக்கத்தையும் உண்டாக்கிப் பிள்ளையின் உயிரைப் பறிக்கக்கூடும். அத்துடன், அது பழைய நினைவணுக்களையும் அழிக்கிறது. ஊசி போடாமல் தட்டம்மை கண்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்துபோனது 2019-இல் தெரியவந்தது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு இந்த இழப்பு இல்லை.

ஊசியில் இருப்பது வலுவிழந்த கிருமி. அது பூட்டைக் காட்டும், வீட்டைக் கொளுத்தாது. ஊசிக்குப் பின் வரும் இலேசான காய்ச்சல், காவலர்கள் வேலை செய்வதன் அடையாளம். காய்ச்சல் கடுமையானால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மலேசியாவில் இந்த ஊசியை 9-ஆம் மாதத்திலும் 12-ஆம் மாதத்திலும் போடுகிறார்கள். முதல் ஊசியில் எல்லாக் குழந்தைகளுக்கும் நினைவு பதிந்துவிடுவதில்லை. ஆகவே, தாய்மார்களே, இரண்டாவது ஊசியைத் தவறவிடாதீர்கள்.