குழந்தையின் குறட்டை... ‘நல்ல தூக்கம்’ என்று அர்த்தமா?

“நாள் முழுக்க ஆட்டம், அதான் அசந்து தூங்குது...” குழந்தை குறட்டை விட்டால் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால், வாரத்தில் 3 இரவுகளுக்கு மேல் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், வாய் வழியாக மூச்சு என்றால், அது ‘ஸ்லீப் ஆப்னியா’வாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?
2 முதல் 8 வயதில் டான்சில், அடினாய்டு சதைகள் தொண்டையின் அளவுக்குப் பெரிதாக இருக்கும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது இவை மூச்சுப் பாதையை அடைக்கும். உடல் பருமனும் காரணமாகலாம்.

பகலில் என்ன தெரியும்?
பெரியவர்கள் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், எரிச்சல்படுவார்கள், பாடத்தில் கவனம் சிதறும். ‘சேட்டை’ என்று திட்டுதான் விழும்.

எப்படி உறுதி செய்வது?
மொபைலில் எடுத்த வீடியோ டாக்டருக்கு உதவும். ஆனாலும் இரவு முழுக்க நடக்கும் ‘ஸ்லீப் ஸ்டடி’தான் உறுதி செய்யும். மணிக்கு ஒன்றுக்கு மேல் மூச்சுத் தடை வந்தாலே, குழந்தைகளுக்கு அது இயல்பல்ல.

ஆபரேஷன்தான் வழியா?
பெரும்பாலும் டான்சில், அடினாய்டை அகற்றுவதே முதல் சிகிச்சை. அதன் பிறகும் தொடர்ந்தால் ‘சிபாப்’ மாஸ்க். லேசான பாதிப்புக்கு மூக்கு ஸ்பிரே, கண்காணிப்பு. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 5-9 வயதினரில் ஆபரேஷன் செய்தவர்களில் 79% பேருக்கு 7 மாதங்களில் ஸ்லீப் ஸ்டடி இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46% பேருக்கு அப்படியே.

ஆக, எல்லாக் குறட்டைக்கும் கத்தி வேண்டாம். ஆனால், தினமும் கேட்கும் குறட்டையை டாக்டரிடம் சொல்லாமல் விடவும் வேண்டாம்.