எஞ்சினைத் தூக்கும்போது கவனம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் விசைப்படகுகளில் எஞ்சின் வேலை நடப்பதும் இப்போதுதான். சகோதரர்களே, அவசரம் வேண்டாம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டீசல் வால்வை மூடுங்கள். குழாய்கள், வயர்கள், கியர் கேபிள், ஷாஃப்ட் கப்ளிங், அடிப்போல்ட் எல்லாம் விடுபட்டனவா என்று பாருங்கள். ஒன்று மாட்டியிருந்தாலும் தூக்கும்போது எஞ்சின் சட்டென்று திரும்பி அடிக்கும்.

செயின் பிளாக்கும், அது தொங்கும் சட்டமும், எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையைவிட அதிகம் தாங்க வேண்டும். தூக்கும் வளையங்களில் மட்டுமே மாட்டுங்கள். நைந்த கயிறு ஆகாது. ஓரங்குலம் தூக்கி நிறுத்தி, சாய்கிறதா என்று பாருங்கள். ஒருவர் மட்டுமே சைகை காட்டட்டும். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கைகூடப் போகக் கூடாது. பிள்ளைகளைப் படகருகே விடாதீர்கள்.

தடை முடிந்து கடலுக்குப் போக எஞ்சினும் வேண்டும், ஆளும் வேண்டும்.