துப்பாக்கி பெஸ்ட்டா, கை பெஸ்ட்டா? ஏர் ரைஃபிள் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய குறியும் சட்டமும்!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மொத்த சோஷியல் மீடியாவையும் கலக்கியவர் துருக்கியின் யூசுஃப் டிகெச். 51 வயது. பெரிய பெரிய லென்ஸ் இல்லை, கண்ணை மறைக்கும் தடுப்பு இல்லை. சாதாரண கண்ணாடி, காதில் சின்ன அடைப்பான், ஒரு கை பாக்கெட்டில். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளியைத் தட்டிச் சென்றார். அதே போட்டியில்தான் இந்தியாவின் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் ஜோடி வெண்கலம் வென்றது.

அப்போ துப்பாக்கியும் கருவியும் முக்கியமே இல்லையா? எல்லாம் கை வித்தைதானா?

துப்பாக்கி சுடுதலை ஹாபியா வெச்சிருக்கறவங்க ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல வர்ற பேச்சு இதுதான். "உன்னுது எந்த மாடல்? எத்தனை மீட்டர்ல எவ்வளவு குரூப் வருது?" திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வெச்சிருக்கறவங்க கம்ப்ரசர் எந்த கம்பெனி, ஹேமர் எந்த கம்பெனினு பேசுற மாதிரியேதான். ஆனா ஒரு வித்தியாசம். இங்கே தப்பான தேர்வு பணத்தோட போகாது. ஜெயில் வரைக்கும், சில நேரம் ஒரு உயிர் வரைக்கும் போகும். விவரமா பார்ப்போம்.

ரைஃபிள், ஷாட்கன், நாட்டுத் துப்பாக்கி: என்ன வித்தியாசம்?

ரைஃபிள் குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் உரசிக்கொண்டு வெளியே வரும்போது பம்பரம் போல் சுழலும். சுற்றும் பம்பரம் எப்படி சாயாமல் நிற்கிறதோ, அப்படித்தான் சுழலும் குண்டும் தடம் மாறாமல் போகிறது.

ஷாட்கன் குழலில் இந்த வரிகள் இல்லை. ஒரே தோட்டாவிலிருந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகள் பரவிப் போகும். பறக்கும் தட்டை அடிக்க இதுதான் சரி. நம்ம ஊர்ப்பக்கம் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல்னு சொல்றது பெரும்பாலும் இந்த வகை.

நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாக மருந்தையும் பால்ரஸையும் போட்டு இடிப்பார்கள். வரியும் கிடையாது, மருந்தின் அளவும் ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் குறி நிலையாக இருக்காது. குழல் வெடித்து, சுடுகிறவர் கையே போகிற ஆபத்தும் உண்டு. கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் "லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படையுங்கள்" என்று போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

"குறி தப்பாது" என்றால் என்ன அர்த்தம்?

இங்கே ரெண்டு விஷயத்தைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, குரூப். ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது. இரண்டாவது, மையம். அந்த ஐந்தும் நடுப்புள்ளியில் விழுகின்றனவா என்பது. ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்து, ஆனால் மையத்திலிருந்து ஒரு இன்ச் தள்ளி இருந்தால் கவலையே இல்லை. சைட்டைத் திருகிச் சரிசெய்தால் போதும். ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால், எந்தத் திருகைத் திருப்பியும் பலன் இல்லை. பிரச்சனை துப்பாக்கியிலோ, பெல்லட்டிலோ, கையிலோ இருக்கிறது.

அதனால் ரெண்டு துப்பாக்கியை ஒப்பிடணும்னா நியாயமான வழி ஒன்றுதான். ஒரே தூரம், துப்பாக்கியைத் தாங்க ஒரே ஸ்டாண்ட், ஒரே ஆள், பல குரூப். ஒரே ஒரு நல்ல குரூப்பை போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு "என் துப்பாக்கி இப்படித்தான் சுடும்"னு சொல்றது கணக்கில் சேராது.

நாமக்கல் முட்டை சைஸ் இலக்கு!

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் மொத்த இலக்கின் விட்டமே 45.5 மி.மீ. ஏறக்குறைய ஒரு நாமக்கல் கோழி முட்டையின் அகலம். அதன் நடுவில் இருக்கும் பத்து பாயிண்ட் புள்ளி வெறும் 0.5 மி.மீ. சுடப்படும் பெல்லட்டோ 4.5 மி.மீ. அதாவது குண்டைவிட இலக்கு ஒன்பது மடங்கு சின்னது!

பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை பிரித்து மதிப்பெண் தருவார்கள். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், 75 நிமிடம். முழு மதிப்பெண் 654.

இதில் எவ்வளவு நூலிழை வித்தியாசம் என்பதற்கு பாரிஸே சாட்சி. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அங்கே எடுத்தது 630.7. பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. 631.5 எடுத்த ரமிதா ஜிண்டால் ஐந்தாவதாக உள்ளே போனார். இருவருக்கும் இடையே 0.8 பாயிண்ட். 60 குண்டுகளுக்கும் பிரித்துப் பார்த்தால், ஒரு குண்டுக்கு சராசரியாக 0.03 மி.மீ. அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி!

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 2025 ஆசிய சாம்பியன்ஷிப்பில் 253.6 புள்ளிகள் எடுத்து, ஆசிய சாதனையோடு தங்கம் வென்றார்.

பவர் அதிகம்னா குறி நல்லா இருக்குமா?

இல்லை. புதுசா வாங்குறவங்க செய்யும் பெரிய தப்பே இதுதான். கடைக்குப் போனதும் "எது ஸ்பீடு ஜாஸ்தி?" என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒலிம்பிக்கில் பயன்படும் ஏர் ரைஃபிள்களின் சக்தி சுமார் 7 அல்லது 8 ஜூல்தான். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடிய ஏர் ரைஃபிளின் உச்சவரம்பே 20 ஜூல்!

காரணம் எளிது. குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில், விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் பாய்கிறது. பெல்லட் வெளியே வரும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் அதிரும். பவர் கூடக் கூட அதிர்வும் கூடும். அதை இறுக்கிப் பிடித்தால் ஒரு மாதிரியும், லேசாகப் பிடித்தால் வேறு மாதிரியும் குண்டு விழும்.

பிசிபி எனப்படும் வகையில், சிலிண்டரில் முன்பே அழுத்தி அடைத்த காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. அதிர்வு மிகக் குறைவு. ஆனால் விலை அதிகம், காற்று நிரப்ப பம்போ டேங்கோ தனியாக வேண்டும்.

எந்த கம்பெனி துப்பாக்கி பெஸ்ட்?

சர்வதேசப் போட்டிகளில் ஏர் ரைஃபிள் என்றால் ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர். ஏர் பிஸ்டலில் மொரினி, ஸ்டெயர். பறக்கும் தட்டு சுடும் ட்ராப் பிரிவில் இத்தாலியின் பெராஸி, பெரெட்டா, ஜெர்மனியின் கிரீக்ஹாஃப். ஹாபிக்காரர்கள் மத்தியில் டயானா, இந்தியத் தயாரிப்பான பிரிஸிஹோல் போன்ற பெயர்கள் அடிபடும்.

ஆனால் அனுபவசாலிகள் துப்பாக்கிக்கு அடுத்து கேட்கும் கேள்வி, "எந்த பெல்லட்?" ஒரே மாடல் துப்பாக்கி ரெண்டு, ஒரே டப்பா பெல்லட்டை வேறு வேறு மாதிரி சுடும். அதனால் நாலைந்து வகை பெல்லட்டைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்வார்கள். விலை உயர்ந்த ஸ்கோப் வாங்குவதைவிட இந்தச் சோதனையில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அதிகம்.

விலையுயர்ந்த கருவியும் கைவிடும் என்பதற்கு டோக்கியோ ஒலிம்பிக் உதாரணம். 2021 ஜூலையில் மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவிலேயே பழுதாகி நின்றது. நிமிடங்கள் போயின. 575 புள்ளிகளோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று வருடம் கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம்! கருவி சரியாக இருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்குப் பிறகு மீதி எல்லாம் மூச்சு, நிற்கும் விதம், விசையை அதிராமல் இழுக்கும் விரல்.

அப்படிப் பார்த்தால் டிகெச்சிடம் கருவியே இல்லை என்பதும் பாதி உண்மைதான். அவர் கையில் இருந்தது போட்டித்தரமான பிஸ்டல். அவர் வேண்டாம் என்று விட்டது லென்ஸையும் கண்மறைப்பையும்தான்.

சரி, லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா?

2016 ஆயுத விதிகளின்படி, குழல் அளவு 0.177 இன்ச்சுக்கு (4.5 மி.மீ) மிகாமலும், சக்தி 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடையில் அடையாள அட்டையை வாங்கி, விவரத்தைப் பதிவு செய்துகொள்வார்கள். இந்த ரெண்டில் ஒன்றைத் தாண்டினாலும் லைசென்ஸ் கட்டாயம். "0.22 தான் செம பவர், ஒண்ணும் ஆகாது" என்று யாராவது விற்றால் உஷார்! அதேபோல் வாங்கிய பிறகு ஸ்பிரிங்கை மாற்றி பவரைக் கூட்டினாலும் வரம்பைத் தாண்டும் ஆபத்து உண்டு.

வெடிமருந்தில் சுடும் எந்தத் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். திருச்செங்கோட்டுக்காரர் என்றால் நாமக்கல் மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எதற்காக என்ற காரணமும் சொல்லியாக வேண்டும். தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு என எதுவானாலும் அதற்கான ஆதாரம் தேவை.

2019 திருத்தத்துக்குப் பிறகு முக்கியமான மாற்றங்கள்:

• ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி 3-லிருந்து 2 ஆகக் குறைந்தது.
• லைசென்ஸ் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியது.
• கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்தில் சுட்டு மற்றவர்களை ஆபத்தில் தள்ளினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும்.
• லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இந்த எண்ணிக்கையில் விலக்கு உண்டு. சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும், அரசு அங்கீகரித்த புகழ்பெற்ற வீரர்களும் கூடுதலாக 12 வரை வைத்திருக்கலாம் என்று 2020-ல் அறிவிக்கப்பட்டது.

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாட்டின் எந்த மூலையில் தொழில் செய்தாலும், துப்பாக்கி வைத்திருப்பவர் அந்த நேரத்தில் ஊர் வந்து சேர வேண்டியிருக்கும்.

தோட்டத்து மயில், கொக்கு, புறாவை சுடலாமா?

கூடவே கூடாது. "ஏர் கன்தானே, லைசென்ஸே வேண்டாமே" என்பது இங்கே செல்லாது. கருவி எதுவாக இருந்தாலும், காட்டுயிரைக் கொல்வதும் கொல்ல முயல்வதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மயில் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. சோளத்தையும் நிலக்கடலையையும் மயிலும் காட்டுப்பன்றியும் அழிப்பது விவசாயிக்கு நிஜமான வேதனைதான். அதற்கு வனத்துறையிடம் புகாரும் இழப்பீட்டு மனுவும்தான் வழி, துப்பாக்கி அல்ல.

வீட்டு மொட்டை மாடியில் ப்ராக்டிஸ் பண்ணலாமா?

20 ஜூல் சக்தியில் அரை கிராம் பெல்லட் புறப்படும் வேகம் நொடிக்கு சுமார் 280 மீட்டர். கண்ணில் பட்டால் பார்வை போகும். தலையில் பட்டால் உயிரே போகலாம். இலக்குக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் பெட்டியோ மண் அணையோ இல்லாவிட்டால், தவறிய குண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குத்தான் போகும். தகரத்திலும் கல்லிலும் பட்ட பெல்லட் திரும்பி வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால் சரியான இடம் ரைஃபிள் கிளப்தான். சென்னை, கோவை, திருச்சி, மதுரை எனப் பல நகரங்களில் கிளப்கள் இருக்கின்றன. 2022-ல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டு, அவர் தரப்புக்கு 4 தங்கம், 2 வெண்கலம் கிடைத்ததும் இந்த விளையாட்டின் மீது பலரின் பார்வை திரும்பியது. புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப் பிரிவில் ஆசிய விளையாட்டு அணித் தங்கம் வென்று, பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். அங்கே 125 தட்டுகளில் 118-ஐ உடைத்தும் அவருக்குக் கிடைத்தது 21-வது இடம்! போட்டி அவ்வளவு கடுமை.

வாங்கும் முன் இந்த ஐந்தும் நினைவில் இருக்கட்டும்

1. முதலில் கிளப்புக்குப் போய் அவர்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் சொந்தமாக வாங்குங்கள்.
2. பில்லில் குழல் அளவும் சக்தியும் எழுதி வாங்குங்கள்.
3. துப்பாக்கியையும் பெல்லட்டையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாவி உங்கள் கையில் மட்டும்.
4. குண்டு இல்லை என்று தெரிந்தாலும் ஆளை நோக்கி நீட்டாதீர்கள். போட்டோவுக்குக்கூட வேண்டாம். குண்டு இல்லை என்று நினைத்த துப்பாக்கியால்தான் விபத்துகள் நடக்கின்றன.
5. விசையில் விரல் வைப்பது, இலக்கும் அதன் பின்னால் இருப்பதும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான்.

யார் துப்பாக்கி பெஸ்ட் என்ற பேச்சு ஓயப்போவதில்லை. ஆனால் அதற்கான பதில் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் இல்லை. சுட்டு முடித்த இலக்குத் தாளில் இருக்கிறது.