ஏரிக்கரையும் மொட்டைமாடியும்

மாம்பலம் ஏரியை வடித்து, மண்ணடித்துத்தான் 1920களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. மெட்ராஸ் போட் கிளப் படகுப் போட்டி நடத்தும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இன்றைய மேற்கு மாம்பலம் அதன் மேற்குக் கரை. லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. கொக்கையும் நாரையையும் பார்க்க அன்று இந்தக் கரைக்காரர்கள் எங்கும் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கம் வீடுகளில் இல்லை. ஏரியை இழந்ததைவிட, அதில் என்னென்ன இறங்கின என்ற கணக்கை இழந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பிறகு பறவை பார்ப்பது பயணமாகிவிட்டது. சாலிம் அலியின் கையேடு 1941இல் வந்தது. 1978இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கியது. பைனாகுலரும் நோட்டுமாக மாம்பலத்தில் மின்சார ரயிலேறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி, நகருக்குள்ளேயே 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. இன்னும் ஆர்வம் உள்ளவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, மலைப் புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலியைத் தேடப் போனார்கள்.

இப்போது நோட்டின் இடத்தில் செல்போன். குரலைக் கேட்டே பெயர் சொல்லும் மெர்லின் செயலி, பட்டியல் போட இ-பேர்ட். 2015 முதல் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் போதும், மொட்டைமாடியே களம். மலைக்குப் போய் அரிய பறவையைப் பதிவுசெய்து வருகிறவர்கள் தங்கள் மாடிக்கும் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

சிட்டுக்குருவியையே பாருங்கள். ஓட்டு வீட்டுச் சந்திலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கூடு கட்டியது, அடுக்குமாடியில் இடமின்றி ஒதுங்கிவிட்டது. நாடு முழுக்க அழிகிறது என்றே பலரும் நம்பினோம். மக்கள் அனுப்பிய பட்டியல்களை வைத்து 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மொத்தத்தில் அது நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்று காட்டியது. மாறாக, வெண்மார்பு மீன்கொத்தி ஏரி போன பின்னும் தாக்குப்பிடிக்கிறது. பல்லியும் பூச்சியும் கிடைத்தால் அதற்குப் போதும்.

மாடியில் நிற்கும்போது காகம்தானே என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காகம், அண்டங்காக்கை இரண்டையும் பிரித்து, எத்தனை என்று எழுதுங்கள். மாடப்புறாவையும் எண்ணுங்கள், நம் தெருவில் அது பெருகுகிறதா என்பது அப்படித்தான் தெரியவரும்.