திறந்த கதவும் மூடிய பதிவேடும்

1

ஆயுத பூசைக்கு முதல் நாள் பிற்பகலில் எங்கள் பக்கத்து அரசு அலுவலகங்களுக்குள் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. காரைக்கால் ஆனாலும் சரி, எல்லை தாண்டிய நாகப்பட்டினம் ஆனாலும் சரி, எல்லாம் ஒன்றுதான். வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். பீரோ, ஜீப், ரப்பர் ஸ்டாம்பு எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். சாதாரண நாளில் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பேச வேண்டியவர்களை அன்றைக்கு 'உள்ள வாங்க' என்று கூப்பிடுவார்கள். பொரி, பொட்டுக்கடலை, சுண்டல் எல்லாருக்கும் உண்டு.

2003இல் அப்படியொரு பிற்பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை நின்று ஐந்து மாதமாகியிருந்தது. அதற்குள் நாலு தடவை நடந்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது. எழுத்தர் சிரித்த முகமாகப் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"தம்பி, ஏம்பேரு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா."

"இன்னைக்கு முடியாதும்மா. பதிவேடெல்லாம் பூசையில வச்சாச்சு. தொடக் கூடாது. லீவு முடிஞ்சு வாங்க, பாத்துக்கலாம்."

அவர் பொய் சொல்லவில்லை. மேசையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி போர்த்தி, மேலே பூ வைத்து, பதிவேடுகள் அடுக்கியிருந்தன. பூசையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்பது நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்தானே. அம்மா பொரியை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

கதவு திறந்திருந்தது, பதிவேடு மூடியிருந்தது. அரசு நிறுவனங்கள் கொண்டாட்டத்தின் பெயரால் பொதுமக்களை உள்ளே அழைக்கும் வழக்கம் இன்று பெருகிவருகிறது. ஆளுநர் மாளிகைகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கடலோரக் காவல்படையின் கப்பலில் ஏற்றுகிறார்கள், ஆய்வுக்கூடங்கள் நிறுவன நாளில் பள்ளிப் பிள்ளைகளை அழைக்கின்றன. இந்தத் 'திறப்பு' எதைத் திறக்கிறது, எதை மூடியே வைத்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2

திறப்பு நாட்களைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. சிறுவயதில் எனக்கு அது பெரிய சந்தோஷம். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையை ஆயுத பூசையை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. அங்கே வேலை பார்த்த மாமா எங்களைக் காரைக்காலிலிருந்து வரவழைத்து அழைத்துக்கொண்டு போவார். மாலை போட்ட எஞ்சின்கள், தலைக்கு மேலே ஓடும் ராட்சசக் கிரேன், எண்ணெய் வாசம். மாமா தன் லேத்தின் மேல் கையை வைத்து, "இதாண்டா நானு" என்பார். வருஷம் முழுக்க மதிலுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உழைப்பு அந்த ஒரு நாள் பெண்டாட்டி பிள்ளைகளின் கண்ணில் படுகிறது. தொழிலாளிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தப் பணிமனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920களின் கடைசியில் அதைப் பொன்மலைக்கு மாற்றியபோது ஆட்குறைப்பும் சேர்ந்து வந்தது. அதை எதிர்த்து எழுந்ததுதான் 1928 ஜூலை வேலைநிறுத்தம். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்காகச் சிறை போனார்கள். பின்பு 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பூசை நாளில் சுற்றிக் காட்டியவர்கள் யாரும் எங்களுக்கு இதைச் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, திரும்பும் வழியில் சங்கத் திடலைக் காட்டி மாமாதான் சொன்னார். கருவிகளுக்குப் பொட்டு உண்டு. கருவியைப் பிடித்த கை கூலிக்காகவும் வேலைக்காகவும் போராடியதற்கு அந்தச் சுற்றில் இடம் கிடையாது.

களியாட்டம் பற்றிப் பேசுகிற பக்தின், அங்கே நடிப்பவர் பார்ப்பவர் என்ற பிரிவே இல்லை என்பார். மேடை கிடையாது, எல்லாரும் உள்ளேதான். மேல் கீழாகும், கீழ் மேலாகும். அரசின் திறப்பு நாளில் அப்படி எதுவும் தலைகீழாவதில்லை. கயிறு கட்டியிருக்கும், அம்புக்குறி போட்டிருக்கும், வழிகாட்டி இருப்பார். ஹேபர்மாஸ் வேறொன்றைச் சொல்கிறார்: நவீனப் பொதுக்களம் தோன்றுவதற்கு முன்னால் மன்னராட்சியில் 'பொது' என்பதன் பொருள், அதிகாரம் தன்னை மக்கள் முன்னால் காட்டிக்கொள்வது. மக்கள் அங்கே பார்வையாளர்கள் மட்டுமே, விவாதிப்பவர்கள் அல்லர். நம்முடைய திறப்பு நாட்கள் இந்தப் பழைய பொருளுக்குத்தான் நெருக்கமாக இருக்கின்றன. தேர் நம் தெருவுக்கு வருவதற்குப் பதிலாக நாம் தேர்முட்டிக்குப் போகிறோம், அவ்வளவே.

3

கதவு திறப்பதில் இரண்டு வகை உண்டு. உள்ளே இருப்பவர் திறந்துவிடுவது ஒன்று. வெளியே இருப்பவர் திறக்க வைப்பது இன்னொன்று. கொண்டாட்டம் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதாக மாற்றிச் சொல்லும்.

காரைக்கால்காரனுக்கு இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 1739இலிருந்து பிரெஞ்சுக்காரர்களோடு பிணைந்த ஊர் இது. அவர்களுடைய தேசிய விழாவான ஜூலை 14 எங்கள் பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. 1789இல் அந்த நாளில் பாரிஸ் ஜனங்கள் பஸ்தீய் கோட்டைக்குச் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. வெடிமருந்து தேடிப் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். ஆனாலும் கதவை உடைத்ததுதான் வரலாறாயிற்று. பிறகு கோட்டையையே கல் கல்லாகப் பெயர்த்தார்கள். 1880இல் அந்த நாளைத் தேசிய விழாவாகச் சட்டம் ஆக்கியது. 1984இல் அதே பிரான்சு, வரலாற்றுச் சின்னங்களின் கதவுகளைத் திறந்துவைக்கும் நாள் ஒன்றைத் தொடங்கியது. இன்று அது 'மரபுச் செல்வ நாட்கள்' என்று ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகையைப் பார்க்கக்கூட மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள். உடைத்து நுழைந்தவர்களின் வாரிசுகள் வரிசையில் நிற்கும் விருந்தாளிகளாகிவிட்டார்கள்.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசர் சித்திரைத் திருநாள் தம் பிறந்தநாளையொட்டிக் கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். கோயில் கதவு அரச பரிசாகத் திறந்தது. 1924-25இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே மறியல் செய்து சிறை போனவர்கள், அதற்கு முன்னும் பின்னும் கேட்டுக்கொண்டே இருந்த ஈழவர், புலையர் அமைப்புகள் எல்லாம் பிறந்தநாள் விழாவில் பின்னுக்குப் போய்விடுகின்றன. நான் பிரகடனத்தின் பயனை மறுக்கவில்லை. ஆனால் 'திறந்துவிட்டார்' என்ற வினைமுற்றுக்குள் 'திறக்க வைத்தார்கள்' என்பது புதைந்துபோகிறது. யார் எழுவாய் என்பது இலக்கணக் கேள்வி மட்டுமில்லை.

4

இனி நம் ஊர்க் கொண்டாட்டத்துக்கு வருவோம். நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். காரைக்காலிலும் அரசுக் கட்டிடங்களுக்கு விளக்கு போடுகிறார்கள், கொடியேற்றம், அணிவகுப்பு, மிட்டாய். 1954இல் அந்த நாளில்தான் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது.

அந்தக் கைமாற்றம் எப்படி முடிவாயிற்று? 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. அந்த 178 பேர் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகரசபை உறுப்பினர்களும். அதாவது, நாம் கொண்டாடும் விடுதலைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் உள்ளூர் மன்றத்துக்குத் தேர்வானவர்கள் இருந்தார்கள். பிரெஞ்சு இந்தியாவில் நகரசபைகள் 1880இலேயே வந்துவிட்டவை. அவற்றின் தேர்தல்களில் நடந்த அடிதடியும் தில்லுமுல்லும் தனிக் கதை. ஆனாலும் மேர் என்று ஒருவர் இருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் போய்ச் சண்டை போட முடிந்தது.

விடுதலைக்குப் பிறகு? 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். இடையில் 38 ஆண்டுகள். 2006இல் தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்த பிறகு மறுபடியும் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் எனக் கொம்யூன் அலுவலகங்கள் இருந்தன, கட்டிடங்கள் இருந்தன, நவம்பர் 1க்குச் சீரியல் விளக்கும் இருந்தது. உள்ளே நாம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் மட்டும் இல்லை. அதிகாரிகளே நடத்தினார்கள். கொம்யூன் வாசலில் மிட்டாய் வாங்கிய நாம் இதை ஒரு முரண்பாடாகக்கூட உணரவில்லை. விளக்கு போட்ட கட்டிடம் திறந்திருப்பதுபோலவே தோன்றும்.

5

அப்படியானால் திறப்பு என்பதன் அளவுகோல் என்ன? மாக்ஸ் வெபர் சொன்னது இங்கே உதவும்: அலுவலக ரகசியம் என்ற கருத்து அதிகாரவர்க்கத்தின் தனிக் கண்டுபிடிப்பு. வேறு எதையும்விட அதைத்தான் அது வெறியோடு காப்பாற்றும். அதிகாரத்தின் இருப்பிடம் மாளிகையோ தோட்டமோ அல்ல, கோப்பு. மாளிகையைக் காட்டுவதால் அதற்கு நஷ்டம் எதுவும் இல்லை. கோப்பைக் காட்டினால் உண்டு.

இது பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. பஸ்தீய் விழுந்து ஆறு வாரத்தில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் விதி, எந்தப் பொது அலுவலரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது. அந்தப் பிரகடனத்தை வைத்து நம்மை ஆண்டவர்கள் அந்த விதியைக் கப்பலில் ஏற்றவில்லை. நமக்கு வாய்த்தது ஆங்கிலேயரின் 1923 அலுவலக ரகசியச் சட்டம். விடுதலைக்குப் பிறகும் அதுவே தொடர்ந்தது.

கோப்பைத் திறக்க வைத்தவர்கள் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சப் பணி மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. படிக்கத் தெரியாத பெண்கள் அந்தப் பதிவேட்டின் பிழைதிருத்துநர்கள் ஆனார்கள். 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. 1997இல் தமிழ்நாட்டில் ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005இல் மத்தியச் சட்டம். அதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. நகல் கேட்பது மட்டும் தகவல் உரிமை இல்லை. 2ஆம் பிரிவின்படி ஆவணங்களையும் பணிகளையும் நேரில் போய்ப் பார்வையிடுவதும், குறிப்பெடுப்பதும் உரிமைதான். எந்த விழாவுக்கும் காத்திராமல் வேலை நாளில் உள்ளே போகும் உரிமை அது.

இந்தக் கதவும் நிரந்தரமில்லை. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2005 சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தியது. தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்க வழி செய்கிறது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற 8(2) இருக்கிறது, ஆனால் அதை எடைபோடுகிறவரும் அதே அதிகாரிதான். யோசித்துப் பாருங்கள்: மஸ்டர் ரோலில் இருப்பதெல்லாம் பெயர்கள்தானே? கோட் கிரானாவில் படித்தது தனிநபர் தகவல் இல்லையா? மாளிகைகளின் சுற்றுலா நேரம் நீளும் அதே காலத்தில் பதிவேட்டின் மேல் மறுபடியும் துணி விழுகிறது.

அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். 2007இல் பத்து ரூபாய் கட்டி, பதிவேட்டைப் பார்வையிட வேண்டும் என்று மனுப் போட்டேன். இரண்டு மாதம் இழுத்தார்கள். கடைசியில் ஒரு சாதாரணப் புதன்கிழமை கூப்பிட்டார்கள். தோரணம் இல்லை, பொரி இல்லை, நாற்காலியும் கொடுக்கவில்லை. நின்றுகொண்டே பக்கங்களைத் திருப்பினேன். அம்மாவின் பெயர் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'விலாசத்தில் இல்லை' என்ற குறிப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா குடியிருப்பது அந்த ஒரே வீட்டில்தான். அந்தக் குறிப்பை என் நோட்டில் எழுதிக்கொண்டு போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப, அன்னைக்கு நாற்காலியில ஒக்காந்திருந்தது யாருன்னு கேட்டியா?" என்றார்.

தொகை பிறகு வந்தது, பழைய பாக்கி வரவில்லை. தோழர்கள் அடுத்த திறப்பு நாளில் போகும்போது பொரியை வாங்கிக்கொள்ளுங்கள், குற்றமில்லை. வாங்கிக்கொண்டு, பதிவேட்டைப் பார்க்க என்றைக்கு வரலாம் என்று கேட்டு, தேதியை எழுத்தில் வாங்கிவிட்டு வாருங்கள்.