அறுபத்து நாலு மாத்திரையும் ஒரு மாத்திரையும்!

குற்றாலம் பேரருவி. விடியற்காலை ஐந்தரை மணி. சாரல் பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருக்கிறது. அருவியடியில் அதற்குள் தீபாவளி ஜவுளிக்கடைக் கூட்டம். எண்ணெய் தடவிய தொப்பைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு முன்னேறுகின்றன. கம்பியைப் பிடித்தபடி நிற்கும் ஒருவர், தலையில் விழுவது தண்ணீரா தண்டவாளமா என்று புரியாமல் "ஆ... ஊ..." என்று அலறிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் களேபரத்தையெல்லாம் விட்டு விலகி, ஓரமாக ஒரு பெரியவர். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஈரத்துண்டு. கைகளை மெதுவாக உயர்த்துகிறார். வட்டமாகச் சுற்றி இறக்குகிறார். மறுபடி உயர்த்துகிறார். அவசரமே இல்லை.

"தாத்தா டிராஃபிக் கிளியர் பண்றாரு டோய்!" என்று ஒரு கல்லூரிப் பையன் கத்த, அவன் செட்டே சிரித்தது. பெரியவர் அசையவில்லை. முடித்துவிட்டுத்தான் திரும்பினார். திரும்பியவர் அந்தப் பையன்களைப் பார்க்கவில்லை. என்னோடு வந்திருந்த நண்பனைப் பார்த்தார்.

"என்ன தம்பி, உறங்கலியோ? கண்ணு ரெண்டும் கோவப்பழம் மாதிரி இருக்கு?"

இந்த நண்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்ம ஹீரோ சென்னையில் ஒரு ஆபீஸில் வேலை. வயது முப்பத்தொன்று. காலை ஒன்பதுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பது சாப்பாட்டுக்கும் திட்டு வாங்குவதற்கும் மட்டும்தான். முப்பது தாண்டியதுமே பிளட்பிரஷர் எட்டிப் பார்க்க, டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டே மாதம். "வாழ்நாள் முழுக்க மாத்திரையாடா?" என்று ரோஷம் வந்துவிட்டது. செல்போனைத் தட்டினான். யாரோ ஒரு குருஜி வீடியோவில் வந்து, "பிரஷரா? பிராணாயாமம்! சீனாக்காரன் இதைத்தான் சி-குங் என்கிறான்!" என்றாராம். மாத்திரை டப்பா குப்பைத்தொட்டிக்குப் போயிற்று.

அதோடு விட்டானா? திருமந்திரம் வரைக்கும் போய்விட்டான். திருமூலர் மூச்சுக்கு ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார்: பூரகம் பதினாறு மாத்திரை, கும்பகம் அறுபத்து நாலு, ரேசகம் முப்பத்திரண்டு. அதாவது இழுப்பது, நிறுத்துவது, விடுவது. நம்மவன் செல்போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, மாத்திரைக்கு ஒரு விநாடி வீதம் கணக்குப் போட்டு, அறுபத்து நாலு விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! ராத்திரி பதினொரு மணிக்கு, மொட்டை மாடியில், பரோட்டா சாப்பிட்டுவிட்டு.

ஆறு வாரத்தில் தூக்கம் போயிற்று. நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த மாதிரி அழுத்தம். காதுக்குள் பிரஷர் குக்கர். "குண்டலினி ஏறுதுடா" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எனக்கு போன் செய்து அழுத பிறகுதான், 'சரி, சீஸனாச்சே, நாலு நாள் குளிச்சா சூடு தணியும்' என்று இங்கே இழுத்து வந்தேன்.

பெரியவர் முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"மாத்திரைன்னா என்னன்னு நெனச்சிய? விநாடியா? பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார் சொல்லித் தரலியா?"

சொல்லித்தான் தந்தார். நாம்தான் கடைசி பெஞ்ச். கண் இமைக்கிற நேரம் அல்லது விரல் சொடுக்குகிற நேரம்தான் இலக்கணத்தில் மாத்திரை. அது விநாடியைவிடச் சின்னது. அந்தக் கணக்கும் குருவின் கண்பார்வையில் பல வருஷம் பழகியவனுக்கு. முதல் வாரமே மொட்டை மாடியில் முயன்று பார்க்க அல்ல. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட ஹடயோகப் பிரதீபிகையிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல மூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வசப்படுத்த வேண்டும், அவசரப்பட்டால் அது பழக்குகிறவனையே தீர்த்துவிடும் என்கிறது. (புலியருவிக்குப் பக்கத்தில் நின்று இதைக் கேட்கும்போது கொஞ்சம் பகீர் என்றுதான் இருந்தது.)

பெரியவர் தென்காசிக்காரர். பேங்கில் கேஷியராக இருந்து ரிடையர் ஆனவர். முதுகுவலிக்காக மனவளக்கலைக்குப் போய், முப்பது வருஷமாக விடாமல் செய்கிறவர். மனவளக்கலை தெரியும்தானே? கூடுவாஞ்சேரியில் 1911-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்தது. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பித்தார். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுப்பினார். 2006-ல் மறைந்தார். குடும்பஸ்தன், உழைப்பாளி, ஆபீஸ் போகிறவன் எல்லோரும் செய்கிற மாதிரி, கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம் என்று எளிமைப்படுத்தி வைத்தார். அந்த மெதுவான கையசைவைப் பார்த்தால், பீஜிங் பூங்காவில் காலையில் சீனத்துத் தாத்தா பாட்டிகள் செய்வதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம்.

சீனாவில் இதற்குப் பெயர் சி-குங். 'சி' என்றால் காற்று, உயிர்மூச்சு. 'குங்' என்றால் உழைப்பு, தேர்ச்சி. சரக்கு பழசு, லேபிள் புதுசு. 1940-களில் லியூ குய்ழென் என்ற கட்சி ஊழியருக்குத் தீராத வயிற்றுப்புண். உறவினர் ஒருவரிடம் மூச்சுப்பயிற்சி கற்றுத் தேறினார். 1950-களில் அரசாங்க ஆதரவோடு சிகிச்சை நிலையமே நடத்தினார். இந்தப் பெயர் பரவியது அவரால்தான். 1980-களில் சீனாவே சி-குங் பைத்தியம் பிடித்து அலைந்தது.

"போதிதர்மர் காஞ்சிபுரத்திலேர்ந்து கொண்டு போனதுதானே இது?" என்று நம்ம ஹீரோ ஆரம்பித்தான். 2011-ல் 'ஏழாம் அறிவு' பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்த வியாதி உண்டு. போதிதர்மர் பெயரில் சீனர்கள் போற்றுகிற 'தசைநார் மாற்றும் நூல்' அவர் காலத்துக்குப் பல நூறு வருஷம் பிந்தியது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் கருத்து. போகர் சீனாவுக்குப் போனார் என்று நம் சித்தர் மரபு சொல்கிறது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் சரி, நெற்றிப்பொட்டு வலிக்குப் பட்டயம் பார்த்து மருந்து கிடையாது.

ஆனால் நெற்றிப்பொட்டு வலி விஷயத்தில் சீனர்கள் நமக்கு முன்பே அடிபட்டவர்கள். தப்பாகப் பயிற்சி செய்து தடம் புரள்வதை 'தீ வழி தவறிப் பேய் புகுந்தது' என்ற பொருளில் ஒரு தொடரால் சொல்கிறார்கள். தலை அழுத்தம், தூக்கமின்மை, கை கால் தானாக ஆடுவது, முற்றினால் காதில் குரல் கேட்பது. அந்த அலையில் இப்படி எத்தனையோ பேர் ஆஸ்பத்திரிக்குப் போக, சீன மனநல மருத்துவர்கள் இதைத் தனி நோயாகவே எழுதி வைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 1994-ல் வெளியிட்ட தன் கையேட்டின் நான்காம் பதிப்பில் இதைக் குறிப்பிட்டது. எல்லோருக்கும் வருவதில்லை. ஏற்கெனவே மனநோய் வந்தவர்கள், தூக்கம் கெட்டுத் தவிக்கிறவர்கள், ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்காருகிற அதிதீவிரக் கேஸ்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வேதாத்திரி இதற்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறார். புருவமத்தியில் கவனம் வைக்கிற ஆக்கினை தவத்தில் அழுத்தம் கூடினால், கவனத்தை மூலாதாரத்துக்கு இறக்குகிற சாந்தி தவம். "ஏத்தத் தெரிஞ்சா மட்டும் போதாது தம்பி, எறக்கத் தெரியணும்" என்றார் பெரியவர். சீன ஆசான்களும் பயிற்சி முடிந்ததும் கவனத்தை அடிவயிற்றுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். வீடியோ குருஜி மட்டும் இந்தப் பாகத்தைச் சொல்லவில்லை போல.

"மொதல்ல ஒரு காரியம் பண்ணுங்க. மூச்சப் பிடிக்கிறத இன்னிக்கே விடுங்க. ரெண்டாவது, தென்காசிக்குப் போயி டாக்டரப் பாருங்க. அதுக்கப்புறம் எங்கிட்ட வாங்க."

போனோம். தென்காசி கோபுரத்தைத் தாண்டும்போது காற்று ஆளைத் தள்ளுகிறது. அத்தனை காற்று சும்மா கிடைக்கிற ஊரில், நம்மவன் மூச்சைப் பிடித்து வைத்துத் தவித்தான்! டாக்டர் பட்டையைச் சுற்றி அமுக்கினார். 160-க்கு 100. மறுபடி அமுக்கினார். அதே.

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல டாக்டர்... அறுபத்து நாலு மாத்திரை கும்பகம்..."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அப்படியானால் மூச்சுப்பயிற்சியே புளுகா? அதுதான் இல்லை. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைத்தால் உடம்பில் நிஜமாகவே மாற்றம் வருகிறது. 2001-ல் இத்தாலிய டாக்டர் பெர்னார்டி குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சி வெளியிட்டார்கள். இருபத்து மூன்று பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாக நிமிஷத்துக்கு ஆறுக்கு வந்தது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்கிற அனிச்சைச் செயலும் மேம்பட்டது. நம் பாட்டிகள் சஷ்டி கவசம் சொல்லிவிட்டு சாந்தமாக எழுந்து வருவதன் ரகசியமும் இதுவாக இருக்கலாம்!

மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு "மெதுவா, மெதுவா" என்று சொல்கிறது. அதனால்தான் பெருமூச்சு விட்டால் இதமாக இருக்கிறது. மெதுவான அசைவுக்கும் பலன் உண்டு. சீனத்து தாய்-சி பழகிய பார்க்கின்ஸன் நோயாளிகள் தடுமாறி விழுவது குறைந்தது என்று 2012-ல் அமெரிக்காவின் ஆரிகனில் 195 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி காட்டியது. பிளட்பிரஷர்? குறையும். ஆனால் சில புள்ளிகள்தான். 160-ஐ அது தனியாகச் சமாளிக்காது. புற்றுநோய் தீரும், சர்க்கரை ஓடிப்போகும் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வேகமாக ஊதித் தள்ளுகிற பயிற்சிகளில் இன்னொரு சிக்கல். புஸ் புஸ்ஸென்று வெகுநேரம் விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். பலர் இதைத்தான் 'சக்தி பாயுது' என்று நினைக்கிறார்கள். 2004-ல், கபாலபதியை மிதமிஞ்சிச் செய்த ஓர் இளம்பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததாக ஒரு மருத்துவ இதழில் வந்தது. அபூர்வம்தான். ஆனாலும் கர்ப்பிணிகள், குடலிறக்கம், வலிப்பு, கட்டுப்படாத பிரஷர், இதயக்கோளாறு உள்ளவர்கள் கபாலபதி பக்கமும் கும்பகம் பக்கமும் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது. கண்ணில் பிரஷர் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்களே கூடாது.

குற்றாலம் வருகிற வாலிபர்களுக்கு ஸ்பெஷலாக ஒன்று: வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுத் தண்ணீரில் முங்கி 'யார் ரொம்ப நேரம்' போட்டி வைக்காதீர்கள். மூச்சு முட்டுகிற எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே நினைவு போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே இப்படிப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை, மாத்திரை போட்டுக்கொண்டு, பெரியவரிடம் ஆஜரானோம். அவர் பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. கல்லில் உட்காரச் சொன்னார். வாயை மூடி மூக்கால் அஞ்சு எண்ணுகிறவரை இழு, அஞ்சு எண்ணுகிறவரை விடு. நடுவில் நிறுத்தாதே. வயிறு முன்னே வந்து பின்னே போகட்டும். பத்து நிமிஷம். கிறுகிறுத்தால் விட்டுவிட்டு எழுந்து நட. வெறும் வயிற்றில் செய், இல்லையென்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. ("பார்டர் பரோட்டான்னா அன்னிக்கு லீவுன்னே வச்சுக்கிடுங்க!") ராத்திரி பதினொண்ணுக்கு மொட்டை மாடி வேண்டாம். மற்றதையெல்லாம் ஊருக்குப் போய், மன்றத்தில் ஆசிரியர் முன்னால் நின்று கற்றுக்கொள்.

"காசு எவ்வளவு வேணாலும் குடுக்கலாம், ஆனா 'மருந்த நிறுத்து'ன்னு சொல்லுத வாத்தியார் கிட்ட ஒரு நிமிஷம் நிக்காதிய."

பத்தாம் நிமிஷம் திரும்பிப் பார்க்கிறேன். நம்ம ஹீரோ கல்லில் சாய்ந்து, வாயைப் பிளந்து, குறட்டை! ஆறு வாரத்துக்கப்புறம் முதல் தூக்கம். பெரியவர் அவன் மேல் சாரல் படாமல் தன் குடையை விரித்து வைத்துவிட்டு, ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே அருவிப் பக்கம் நடந்தார்.

சென்னை திரும்பி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் டாக்டர் பார்த்தபோது 132-க்கு 84. மாத்திரையைக் குறைக்கலாமா என்று இவன் கேட்க, அடுத்த தடவை பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். ஆபீஸில் மானேஜர் கத்த ஆரம்பித்தால் நம்மவன் மேஜைக்கடியில் விரலை மடக்கி அஞ்சு எண்ணுகிறான். மானேஜருக்கு அது தெரியாது. 'பையன் ரொம்ப பொறுமைசாலி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.